நிகண்டும் பாலபாடமும்
கணினிக் கைந்நூல்கள் குறித்துச் சில சிந்தனைகள்

மொழி கற்கப் புகும் சிறுவனிடம் முதல் நாளிலேயே நிகண்டினைக் கொடுப்பார் எவருமிலர். நிகண்டு பயனற்ற நூல் அன்று. ஓரளவு கற்றார்க்கு அது பெருந்துணை. ஆயின் தொடக்க மாணவனுக்கு வேண்டுவது வேறொரு நூல். இதனை நன்குணர்ந்தே ஆறுமுக நாவலர் (1822–1879) சிறுவர்க்கெனப் பாலபாடங்களை இயற்றினார். கணினித் துறையில் இவ்வேறுபாடு மறக்கப்படுவதனால் மாணவர் படும் இடரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினியின் செயல்களை ஒழுங்குபடுத்தி நடத்தும் மென்பொருள் பணிசெயல் முறைமை எனப்படும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் ஆக்கிய யுனிக்ஸ் அத்தகையது. அதன் கைந்நூலின் முதற் பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் திகதியிட்டு வெளிவந்தது. கட்டளையின் பெயர், அதனை எழுதும் வடிவம், விளக்கம், தொடர்புடைய கட்டளைகள், அறியப்பட்ட குறைகள் என்னும் முறையில் அது அமைந்தது. குறைகளையும் மறையாது எழுதிய நேர்மை போற்றற்குரியது. எழுதியோரும் படித்தோரும் பெரும்பாலும் உடன்பணியாற்றிய வல்லுநர். ஆதலின் சுருக்கம் அவர்க்குக் குறையாகத் தோன்றவில்லை. 1991இல் தோன்றிய லினக்ஸ் முறைமையிலும் அம்மரபே தொடர்கின்றது. ‘மேன்’ என்னும் கட்டளையை இட்டால் இன்றும் அத்தகைய பக்கங்களே திரையில் தோன்றும்.

அப்பக்கங்களைத் தொடக்க மாணவன் படிக்கும்போது நேர்வது யாது? கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையை எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் பரவலாக வழங்கும் பக்கத்தில், விளக்கத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே, இன்னும் பொருள் கூறப்படாத எட்டு எழுத்துக் குறிகள் வந்து நிற்கின்றன. வடிவத்தைக் காட்டுமிடத்தில் சதுர அடைப்பு ‘வேண்டுமாயின் சேர்க்கலாம்’ என்பதையும், மூன்று புள்ளிகள் ‘ஒன்றுக்கு மேலும் வரலாம்’ என்பதையும் குறிக்கும். இதனை அறியாதவன் அடைப்பையும் புள்ளிகளையும் அவ்வாறே தட்டச்சிட்டு, வேண்டிய விடை கிடையாமல், தன் அறிவே குறைவென்று எண்ணித் துறையைக் கைவிடவும் கூடும்.

இதனினும் பெரிய இடரும் உண்டு. ‘ஆர்எம்’ என்னும் கட்டளை கோப்பை அழிக்கும். அழிந்தது குப்பைக் கூடைக்குச் செல்வதில்லை. எது அழியும் என்பதோ, பெரும்பாலும் நாம் எக்கோப்புறையில் நிற்கின்றோம் என்பதைப் பொறுத்தது. குண்டசாலையில் நிற்பவர் ‘பல்லேகலை’ என்று சொன்னாலே வழி விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் எழுதுபவரோ கண்டி, குண்டசாலை, பல்லேகலை என முழு முகவரியும் தரவேண்டும். கணினியிலும் நிற்குமிடத்திலிருந்து சொல்லும் வழி ஒன்று. அடியிலிருந்து தொடங்கும் முழு வழி மற்றொன்று. நிற்குமிடம் மாறினால், முன்னையதைக் கொண்டு எழுதிய அதே கட்டளை அதே பெயருடைய பிறிதொரு கோப்பை அழித்துவிடும். ஆதலின், அழிக்குமுன் ‘பிடபிள்யூடி’ கட்டளையால் நிற்குமிடத்தையும், ‘எல்எஸ்’ கட்டளையால் அங்குள்ளவற்றையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

யுனிக்ஸை வளர்த்தோரும் கைந்நூல் மட்டும் போதுமென்று அமைந்தாரல்லர். பிரயன் கேர்னிகன் தொடக்க மாணவர்க்கெனத் தனிப் பாடம் எழுதினார்; 1979இல் வெளியான ஏழாம் பதிப்பின் இரண்டாந் தொகுதியில் அது இடம்பெற்றது. நிகண்டு நிகண்டாகவே இருக்க, பாலபாடமும் உடன் பிறந்தது. எடுத்துக்காட்டுகளை முதன்மையாகத் தரும் ‘டிஎல்டிஆர்’ பக்கங்களும் இக்காலத்தில் உள்ளன. அவற்றுட் சில தமிழிலும் கிடைக்கின்றன.

எனினும், கண்டியிலும் அயலிலும் தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவன் இருமடங்கு சுமை தாங்குகின்றான். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமையைத் தமிழிற் கற்றவன், கட்டளைகளைப் பயிலும்போது ஆங்கிலக் கைந்நூலையே நாட நேர்கின்றது. தமிழில் இவை இயலா எனல் பொருந்தாது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய நூல்களையும் வெளியிட்டார். உடற்கூறு எளிய பொருள் அன்றே!

இனி, நல்ல தொடக்கப் பாடம் எவ்வாறு அமைதல் வேண்டும்? ஒரு பாடம் ஒரு வேலையை மட்டும் கற்பிக்கட்டும். தட்டச்சிட வேண்டியதை எழுத்துக்கு எழுத்து முழுமையாகத் தருக. திரையில் தோன்றுவது யாது என்பதையும், தவறினால் வரும் செய்தியையும், அதன் பொருளையும் காட்டுக. மீட்க இயலாத செயலாயின், எச்சரிக்கையைக் கட்டளைக்கு முன்னரே வைக்க. கலைச்சொல்லை முதன்முறை வருமிடத்திலேயே விளக்குக. எழுதி முடிந்தபின், அத்துறை அறியாத மாணவன் ஒருவனைக் கணினிமுன் அமர்த்தி, நாம் வாய்திறவாது பார்த்திருத்தல் வேண்டும். அவன் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம்.

கணினித் துறையிற் பணியாற்றும் பழைய மாணவர் நம்முட் பலர். ஒவ்வொருவரும் தாம் நாள்தோறும் வழங்கும் ஒரு கட்டளைக்கு இவ்வாறு ஒரு பக்கம் எழுதித் தருவாராயின், கல்லூரிக் கணினிக் கூடத்தில் ஒரு தமிழ்ப் பாலபாடம் விரைவில் உருவாகும். அதனைப் பயின்ற மாணவன் பின்னர் ஆங்கிலக் கைந்நூலையும் அச்சமின்றித் திறப்பான்.