புரளும் தூண்டில்

“சொந்தமாகத் தூண்டில் கம்பு கட்டிப் பார்க்க ஆசை. பிளாங்க் ஒன்று வாங்கிவிட்டேன். அதன் ஸ்பைனைக் கண்டுபிடிக்காமல் வளையம் கட்டினால், மீன் மாட்டும்போது கம்பு கையிலேயே புரண்டுவிடுமாமே? ஸ்பைனை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். கண்டுபிடித்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் எனக்கும் வீடியோ வாத்தியார்களுக்கும் தகராறு.

வளையம், கைப்பிடி எதுவும் இல்லாத வெறும் கம்புதான் பிளாங்க். உள்ளே குழல், அடியில் பருத்து நுனியில் மெலியும். பிசினில் தோய்த்த கார்பன் அல்லது கண்ணாடி இழைத் துணியைக் கூம்பிய எஃகுக் கம்பியின் மேல் சுருட்டி, நாடாவால் இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, உள்ளிருக்கும் எஃகை உருவிவிடுகிறார்கள். சுருட்டிய துணி தொடங்கிய இடத்திலேயே கச்சிதமாக முடிவதில்லை. ஒரு பக்கம் துணி கொஞ்சம் கூடுதலாக விழும். அந்தப் பக்கம் வளைய அடம்பிடிக்கும். தவிர, மயிரிழை கோணாத பிளாங்கும் அபூர்வம். இந்த இரண்டு கோளாறும் சேர்ந்து வரும் குணத்துக்குத்தான் ஸ்பைன் என்று பெயர். அடியைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவில் அழுத்தியபடி உருட்டினால் பிளாங்க் ஓரிடத்தில் சட்டென்று துள்ளி உட்காரும். அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஆயிற்று.

அந்தக் கோட்டை ஒட்டி வளையங்களைக் கட்டினால் கம்பு புரளாது என்பது நம்பிக்கை. உருட்டும்போது துள்ளுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு இதை நம்பாமல் இருப்பது கடினம். ஆனால் கம்பு மீனோடு மல்லுக்கட்டும்போது அதைப் புரட்டுவது துணியின் மடிப்பு அல்ல. தங்கூசி நரம்பு.

சைக்கிள் ஹேண்டில்பாரில் டிபன் கேரியரைத் தொங்கவிட்டு ஓட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளத்தில் கேரியர் ஆடும். ஆடிவிட்டு மறுபடி நேராகத் தொங்கும். சாம்பார் பிழைக்கும். அதே கேரியரை ஹேண்டில்பாரின் மேல் நிறுத்திவைத்து ஓட்டச் சொன்னால்? நட்ட நடுவில் நிற்கும்வரை நிற்கும். ஒரு நூல் சாய்ந்தால் போதும், சாய்வே மேலும் சாய்க்கும். கேரியர் கம்பியைச் சுற்றி அடிப்பக்கம் வந்து தொங்கிய பிறகுதான் ஓயும். இரண்டடுக்கை விட நாலடுக்கு மோசம், ஏனென்றால் உயரம் கூடக்கூடச் சாய்க்கும் நெம்பும் கூடும். ஸ்பைன் கட்சிக்காரர் இங்கே என்ன சொல்கிறார் தெரியுமா? ஹேண்டில்பார் குழாயின் பற்றவைத்த தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதைச் சரியாகத் திருப்பி வைத்தால் கேரியர் விழாது என்கிறார்.

தூண்டிலிலும் இதே கதைதான். ஸ்பின்னிங் ரீல் கம்புக்கு அடியில் தொங்கும், வளையங்களும் அடிப்பக்கம். மீன் இழுத்துக் கம்பு வளையும்போது வளைவின் உட்புறத்தில் நரம்பு ஓடும். அது வளையங்களைக் கம்பிலிருந்து விலக்கி இழுக்கும். தொங்கும் கேரியர். கொஞ்சம் திரும்பினாலும் இழுப்பே நேராக்கிவிடும். பெயிட்காஸ்டிங் ரீல் கம்பின் மேல் உட்காரும், வளையங்களும் மேலே. நரம்பு வளைவின் வெளிப்புறத்தைச் சுற்றிப் போகிறது. இழுபடும் நரம்பு எப்போதும் குறுக்கு வழியைத் தேடும், குறுக்கு வழி இருப்பதோ உட்புறத்தில். அதனால் அது ஒவ்வொரு வளையத்தையும் கம்பை நோக்கி அமுக்குகிறது. நரம்பில் 2 கிலோ இழுப்பு இருந்து, ஒரு வளையத்தில் அது 15 பாகை திரும்பினால், அந்த வளையத்தின் தலையில் ஏறத்தாழ அரைக் கிலோ அழுத்தம் விழும். கம்பு முழுக்க இப்படி ஏழெட்டு வளையங்கள். ஒன்று இம்மி சாய்ந்தால் அழுத்தத்துக்கு நெம்பு கிடைத்துவிடும்.

கம்பு இதை எதிர்த்து நிற்காதா என்றால், அதன் உடல்வாகு அப்படி. வளைவைத் தாங்க வேண்டும் என்பதால் இழைகளில் பெரும்பகுதி நீளவாக்கில் போகின்றன. முறுக்கைத் தாங்க வேண்டுமானால் இழை சரிவாக, 45 பாகையில் போக வேண்டும். அப்படி ஓரிரு அடுக்கைச் சேர்த்துவிட்டு அதற்கு ஒரு பெரிய பெயரும் வைத்து விற்கும் கம்பெனிகள் உண்டு. பெயர் அளவுக்கு இல்லாவிட்டாலும் விஷயம் உண்மைதான். சாதாரணக் கம்பில் முறுக்கை எதிர்ப்பது பெரும்பாலும் பிசின். அது சுமார்தான்.

என் பேச்சை நம்ப வேண்டாம். வளையங்களைக் கட்டும் முன் நாடாவால் தற்காலிகமாக மேல்பக்கம் ஒட்டி, நரம்பைக் கோத்து, நுனியில் எடையைக் கட்டி, அடியை இறுக்காமல் லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். வளையங்கள் சுற்றி அடிப்பக்கம் வந்து நிற்கும். பிறகு வளையங்களைப் பிரித்து ஸ்பைன் கோட்டுக்கு நேர், எதிர், பக்கவாட்டு என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். துள்ளும் வேகம் கொஞ்சம் மாறலாம். முடிவு மாறாது.

அப்படியானால் பெயிட்காஸ்டிங் கம்பு கட்டுகிறவருக்கு வழி? ரீலுக்கு அருகே முதல் வளையம் மேலே; அடுத்தது கொஞ்சம் பக்கவாட்டில்; அதற்கடுத்தது இன்னும் கீழே; நாலாவதிலிருந்து நுனிவரை எல்லாமே அடிப்பக்கம். நரம்பு கம்பைச் சுற்றி அரை வட்டம் இறங்கிவிடுகிறது, அதன் பிறகு புரட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பார்க்கக் கோணல்மாணலாக இருக்கும்; கரையில் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். கடை அலமாரியில் இந்த அமைப்பு அரிதாகவே கிடைப்பதற்கும் அந்தச் சிரிப்புதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன். சொந்தமாகக் கம்பு கட்டுவதற்கு உருப்படியான நியாயம் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான். காசு மிச்சமாகும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

வரலாறு இல்லாவிட்டால் ஆசிரியர் கோபிப்பார் என்பதால் சுருக்கமாக: மூங்கிலைக் கீற்றாகப் பிளந்து ஒட்டிக் கம்பு செய்யும் கலையை அமெரிக்காவில் 1840களில் தொடங்கிவைத்தவராக பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்துத் துப்பாக்கித் தச்சர் சாமுவேல் ஃபிலிப்பைச் சொல்வார்கள். பின்னாளில் அதற்குச் சிறந்த மூங்கில் சீனாவின் குவாங்டாங்கிலிருந்து வந்தது. 1950இல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை போட, மூங்கில் வரத்து நின்றது. அதற்குள் தலைதூக்கியிருந்த கண்ணாடி இழைக்கு அது கொண்டாட்டமாகிப் போனது. 1960களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் உருவான கார்பன் இழை, 1973இல் ஃபென்விக் கம்பெனி வழியாகத் தூண்டில் சந்தைக்கு வந்தது. போதும்.

கார்பன் என்றதும் அட்டையில் அச்சடித்திருக்கும் ‘24 டன்’, ‘40 டன்’ பற்றியும் சொல்லிவிட வேண்டும். 40 டன் கம்பு அதிக எடையைத் தூக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்பது இழையின் விறைப்பைச் சொல்லும் எண். வலிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொதுவாக விறைப்பு கூடக்கூட, உடைவதற்கு முன் இழை நீளும் அளவு குறையும். படகு விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் போய்ச்சேரும். அந்த உசத்தியான இழை கம்பில் எவ்வளவு இருக்கிறது, ஒரு துண்டா முழுவதுமா என்பதை அட்டை சொல்லாது.

ஆகவே முதல் கம்புக்கு ஆறேழு அடியில், கண்ணாடி இழை பிளாங்க், ஸ்பின்னிங் ரீல். கண்ணாடி இழை கனமானது, மந்தமானது, ஆனால் மன்னிக்கும் குணமுள்ளது. வாங்கியாகிவிட்டதென்றால் இருக்கிற பிளாங்கிலேயே தொடங்குங்கள். அடிக்கு ஒரு வளையம், நுனிக்குத் தனியாக ஒன்று என்பது தோராயக் கணக்கு. இடைவெளியைப் பட்டியல் பார்த்து வைக்காதீர்கள். எடை கட்டி வளைத்து, நரம்பு கம்பின் வளைவோடு ஒட்டிப் போகிறதா, கம்பை உரசாமல் ஓடுகிறதா என்று பார்த்து வளையங்களை நகர்த்துங்கள். பிளாங்கில் கோணல் இருந்தால் அது மேல்கீழாக வரும்படி திருப்பிக்கொண்டால் பார்வைக்கு நேராகத் தெரியும். ஸ்பைனை மறந்துவிடலாம்.

வளையத்தின் காலை அரத்தால் தேய்த்து முனையை மெலிதாக்கினால்தான் நூல் வழுக்காமல் கம்பிலிருந்து கால்மேல் ஏறும். சுற்றிய நூலின் மேல் பூசும் எபாக்சியின் இரு பாகங்களும் துல்லியமாக, டப்பா சொல்லும் விகிதத்தில் இருக்க வேண்டும். கண்ணளவில் கலந்தால் ஒரு வாரம் ஆனாலும் பிசுபிசுக்கும். கையுறை கட்டாயம், சிலருக்கு எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். பூசியபின் முதல் சில மணி நேரம் கம்பு மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பசை அடிப்பக்கம் வழிந்து தொப்பை போட்டுவிடும். நிமிடத்துக்குச் சில சுற்று போகும் சிறு மோட்டார் போதும். அதுவும் இல்லையென்றால், கால்மணிக்கு ஒருமுறை திருப்பிவிட வீட்டில் யாரையாவது தாஜா செய்ய வேண்டும். நுனிப்பக்கம் பசையை அள்ளிப் பூசாதீர்கள். அங்கே ஏறும் ஒரு கிராம், அடியில் ஏறும் பத்துக் கிராமை விடக் கம்பைச் சோம்பேறியாக்கும்.

அடுத்த கம்பைக் கார்பனில் கட்டப் போகிறீர்கள் என்றால் ஒன்று. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் கம்பை ஓங்கி வீசுவதும், இடி இடிக்கும்போது அதைத் தூக்கிப் பிடித்து நிற்பதும் கூடாது. கைப்பிடி கார்க்கால் ஆனதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. பெரும்பாலான கம்புகளில் கார்பன் அந்தக் கார்க்குக்குள் புகுந்து கடைசிவரை போகிறது.