மோந்து பார்த்துவிட்டு முகம் திருப்பும் நாய்

லேப்ரடார் சோற்றைத் தொடவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஸ்பிட்ஸ் தொடவில்லை என்றால் வீட்டில் எத்தனை பேர் அதற்குத் தின்னக் கொடுக்கிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் “எது வச்சாலும் சாப்பிட மாட்டேங்குது” என்று அலுத்துக்கொள்ளும்போது, பெரும்பாலும் நோய் அல்லது வீட்டாரின் அன்பு, இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கிறது.

லேப்ரடாரைத் தனியாகச் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்கு ‘பிஓஎம்சி’ என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் எலினோர் ராஃபனின் குழு கண்டறிந்தது. அதனால் ‘வயிறு நிறைந்தது’ என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அப்படிப்பட்ட பிறவி சாப்பாட்டை வேண்டாம் என்றால் அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடக் கூடாது.

மற்ற நாய்களின் கதை மூக்கில் தொடங்குகிறது. நம் நாக்கில் சுமார் 9,000 சுவை மொட்டுகள். நாய்க்கு 1,700 அளவில்தான். வாசனை உணரும் செல்களோ நமக்கு ஐம்பது, அறுபது லட்சம் என்றால் அதற்கு 20 கோடிக்கும் மேல். சாப்பிடலாமா வேண்டாமா என்று மூக்கு முடிவு செய்த பிறகுதான் நாக்குக்கு வேலை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்த சோறு ஏன் கிடந்து காய்கிறது என்பதற்கு இதுவே பதில்: குளிர்ந்த உணவிலிருந்து மணம் எழும்புவதில்லை. கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசைந்து வெதுவெதுப்பாக வைத்தால் அதே சோறு காலியாகும். கடையில் பிரித்த மூட்டையிலிருந்து கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் உலர் தீவனமும் இப்படித்தான். சென்னைக் காற்றின் ஈரத்திலும் சூட்டிலும் அதிலுள்ள கொழுப்பு கெட்டு வாடை எடுத்துவிடும். நமக்குத் தெரியாத அந்த வாடை நாய்க்குத் தெரியும்.

இனி வீட்டுக் கணக்கு. இந்தப் புறநகர்களில் பல வீடுகள் ஷிஃப்ட் வீடுகள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஒருவர், ஆவடி டாங்க் ஃபேக்டரிக்கு ஒருவர், ஐ.டி. கம்பெனிக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு நேரத்தில் வருவார்கள், போவார்கள். காலைக் காபியோடு பாட்டி நாலு பிஸ்கட் போடுகிறார். ஸ்கூலுக்குக் கிளம்பும் பிள்ளை பாதி இட்லியைத் தள்ளிவிடுகிறது. மத்தியானம் மாடி வீட்டுக்காரர் ஒரு துண்டு சிக்கன். செகண்ட் ஷிஃப்ட் முடித்து வருபவர் கையில் பரோட்டா. எட்டுக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த ஸ்பிட்ஸுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 500 கலோரி. பிஸ்கட் 100 கிராமுக்கு ஏறக்குறைய 450 கலோரி, பரோட்டாவும் லேசுப்பட்டதில்லை. மேலே சொன்னதையெல்லாம் கூட்டினால் தேவையில் பாதியைத் தாண்டும். இதில் எதுவும் கிண்ணத்தில் விழவில்லை; அதனால் வீட்டில் யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் அளவு.

அடுத்தது கெஞ்சல். சோற்றைத் தொடவில்லையே என்று மேலே ஈரலைத் தூவுகிறோம். அதற்கும் அசையாவிட்டால் உருட்டி ஊட்டுகிறோம். மறுத்தால் மேலானது வரும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. இதில் தந்திரம் ஒன்றுமில்லை. பாடம் நடத்தியது நாம். பாவ்லோவ் என்றால் நமக்கு மணியும் எச்சிலும்தான் ஞாபகம் வரும். 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ செரிமான ஆராய்ச்சிக்காக. பசியோடு, ஆசையோடு தின்னும்போது சுரக்கும் இரைப்பை நீர், நாய் அறியாமல் இரைப்பைக்குள் நேராக உணவைச் செலுத்தும்போது அந்த அளவுக்குச் சுரப்பதில்லை என்று அவர் காட்டினார். பசி வரும்வரை காத்திருப்பதில் கொடுமை எதுவும் இல்லை.

தயிர்சாதத்தின் மேல் வீணாகப் பழி போடுகிறார்கள். நாய்க்கு அரிசியே ஆகாது என்பது இணையப் பேச்சு. 2013-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு நகல்கள்தான். நாய்க்கு நாலு முதல் முப்பது வரை. மனிதனோடு வாழ்ந்து பெற்ற வசதி இது. ஆனால் வெறும் தயிர்சாதத்தில் புரதம் போதாது. முட்டையோ வேகவைத்த கறியோ சேர வேண்டும். குழம்பு மட்டும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பிரியாணி மிச்சத்தில் இரண்டும் இருக்கும், போதாததற்கு வெந்த எலும்பும்.

நேற்றுவரை நன்றாகத் தின்ற நாய் திடீரென நிறுத்தினால் இந்தப் பேச்சையெல்லாம் ஓரம் கட்டுங்கள். காது மடலுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். மிளகு போலத் தட்டுப்பட்டால் உண்ணி. சென்னையில் அதற்கு ஓய்வு தரும் குளிர்காலம் கிடையாது. சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது பரப்பும் எர்லிக்கியா, பபீசியா கிருமிகளால் வரும் காய்ச்சலில் முதலில் போவது பசிதான். ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் வருவதெல்லாம் பிறகு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மழை வெள்ளம் தேங்கிய பிறகு பசி போய்க் கண்ணும் மஞ்சளானால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாயின் கல்லீரலுக்கு அது நஞ்சாகலாம்.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமான மருந்து. அது குமட்டும். மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்து வைத்தால் நாய் குமட்டலைத் தயிர்சாதத்தின் கணக்கில் எழுதிவிடும். தின்று சில மணி நேரம் கழித்துக் குமட்டினாலும் அந்த உணவையே வெறுக்கும் குணத்தை, 1950-களில் தொடங்கிய ஆய்வுகளில் உளவியலாளர் ஜான் கார்சியா எலிகளிடம் நிறுவினார். காய்ச்சல் விட்ட பிறகும் சில நாய்கள் தயிர்சாதத்தைக் கண்டால் விலகிப் போவது இதனால்தான். மாத்திரையை அன்றாடச் சாப்பாட்டில் கலக்காமல் வேறு ஏதாவதில் வைத்துக் கொடுங்கள்.

நோய் இல்லை என்று உறுதியானால் வழி எளிது. காலை வெயில் ஏறும் முன் ஒரு வேளை, இரவு ஒரு வேளை. இருபது நிமிடம் கிண்ணம் இருக்கட்டும். தின்னாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். இடையில் தண்ணீர் மட்டும். பாட்டி உட்பட எல்லாரும் ஒத்துழைத்தால் பல நாய்கள் சில நாளில் வழிக்கு வந்துவிடும். குட்டிகளுக்கும் மிகச் சிறிய இன நாய்களுக்கும் இந்த முறை வேண்டாம். அவற்றுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வளர்ந்த நாயாக இருந்தாலும் ஒரு முழு நாள் எதுவும் தின்னவில்லை என்றால், அல்லது தண்ணீரையும் தொடவில்லை என்றால், காத்திருக்காமல் பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரிடமோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.