பாட்டனார் வைத்துச் சென்ற துப்பாக்கி

பேரையூர், மதுரைச் சீமையின் பழைய பாளையங்களுள் ஒன்று. பாளையக்காரர் காலத்தில் இப்பக்கத்தில் ஆயுதம் அபூர்வப் பொருளன்று. 1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், அவ்வாண்டு டிசம்பரிலேயே கம்பெனியார் பிரகடனம் செய்து தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தனர். 1878-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்தியனை மட்டும் லைசென்ஸுக்குக் காத்து நிற்கச் செய்தது. நாமே இயற்றிய 1959-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் லைசென்ஸ் உண்டு; ஆனால் பாரபட்சம் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திற்குப் பின் வேட்டையும் ஓய்ந்தது. இரட்டைக் குழல் துப்பாக்கி சுவரோடு நின்றுவிட்டது. நேயர்களே, சும்மா இருக்கும் குழலுக்குத்தான் கேடு அதிகம்!

பழைய கரிமருந்து எரிந்தபின் தங்கும் கசடு, உப்பைப் போல் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் கழுவாது விட்ட குழல், உட்புறம் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, மிஷின் எண்ணெய் மெல்லப் பூசுதல் வேண்டும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுக்கேறும். தோலுறையிலேயே மாதக்கணக்கில் வைப்பதும் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போதும் எண்ணெய் பூசியே கொடுக்க வேண்டும்.

சோதிப்பது எப்படி? தோட்டா இல்லையென்று உறுதி செய்துகொண்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். உள்ளே தோன்றும் ஒளிவளையங்கள் வட்டம் குலையாதிருந்தால் நலம். குலைந்த இடத்தில் நசுங்கல் இருக்கிறது. கயிற்றில் தொங்கவிட்டு மரத்துண்டால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். ஓசை அடைத்தாற்போலிருந்தால் இரு குழல்களையும் இணைத்த பற்றாசு விட்டிருக்கலாம். குளவிக் கூடு அடைத்த குழலைச் சுட்டால் குழல் வெடிக்கும், கையும் போகும்.

உப்புத்தாள் கொண்டு துருவைத் தேய்ப்போர் உளர். துருவோடு எஃகும் தேய்ந்து குழலின் கனம் குறைகிறது. பர்மிங்ஹாமில் 1813-இல் நிறுவப்பெற்ற சோதனைச் சாலையின் முத்திரை அடிப்புறத்தில் இருந்தாலும், அது அன்றைய கனத்துக்குச் சாட்சியே தவிர, இன்றையதற்கு அன்று.

மேற்புறத்தில் பாம்புத் தோல் போன்ற வரிகள் இருப்பின், அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி இணைத்த ‘டமாஸ்கஸ்’ குழல். கரிமருந்துக்கென்று செய்தது. பிரெஞ்சு நாட்டு வியேய் 1884-இல் கண்ட புகையில்லா மருந்தின் வழிவந்த இக்காலத் தோட்டாவை அதில் இடுவது விபரீதம். இணைப்புக்குள் மறைந்த துரு கண்ணுக்குத் தெரியாது.

ஐயம் தோன்றினால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டுங்கள். அவர் கூடாதென்றால் சுடாதீர்கள். பாட்டனாரின் நினைவைப் போற்ற ஓசை வேண்டுவதில்லை.