புதிய தொழிலாளிக்குக் கிட்டாத ஐந்து டொலர்

மோட்டார் கார் தொழிற்சாலையில் வேலை என்றால் கைநிறையச் சம்பளம் என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியுள்ளது. அந்த எண்ணத்துக்கு வயது நூறுக்கும் மேல். 1914 ஜனவரி 5ஆம் திகதி, அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் ஹென்றி ஃபோர்ட்டின் நிறுவனம் நாளொன்றுக்கு ஐந்து டொலர் வழங்கப்போவதாக அறிவித்தது. அதுவரை கிடைத்து வந்ததோ இரண்டரை டொலருக்கும் குறைவு. ஹைலண்ட் பார்க் தொழிற்சாலை வாயிலில் கடுங்குளிரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஒரு வாரத்தின் பின்னர் அவர்களைக் கலைப்பதற்குத் தீயணைப்புக் குழாயினால் தண்ணீர் பீய்ச்சப்பட்டது.

அவ்வாறு காத்து நின்று வேலை பெற்றவர்களுக்கும் ஐந்து டொலர் உடனே கிடைக்கவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. ஆறு மாத சேவையைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும். அதன் பின்னரும் அத்தொகையில் ஏறத்தாழ பாதி மட்டுமே கூலி; எஞ்சியது 'இலாபப் பங்கு'. அப்பங்கைப் பெற, குடிப்பழக்கம் உண்டா, பணம் சேமிக்கிறாரா, வீடு துப்புரவாக உள்ளதா என்று நிறுவனத்தின் பரிசோதகர்கள் வீடு தேடி வந்து விசாரித்தனர். பெண்களுக்கு ஆரம்பத்தில் அத்தகுதியே இருக்கவில்லை.

இத்தனை தாராளம் எதற்காக? 1913இல் நகரும் பொருத்து வரிசை அறிமுகமானதும், காரின் அடிச்சட்டத்தைப் பொருத்த எடுத்த பன்னிரண்டரை மணித்தியாலம் சில மாதங்களில் 93 நிமிடங்களாகச் சுருங்கியது. போல்ட்டைச் செருகுபவர் நட்டைப் பூட்டுவதில்லை, பூட்டுபவர் இறுக்குவதில்லை. தமது தொழிற்சாலை வேலைகளில் 43 சதவீதமானவற்றைக் கற்க ஒரு நாளுக்கு மேல் தேவையில்லை என ஃபோர்ட் தமது சுயசரிதையில் பெருமையுடன் குறிப்பிடுகிறார். ஒரு நாளில் கற்கக்கூடிய வேலைக்கு ஒரு நாளில் மாற்றாள் தேடிவிடலாம் என்பதைத் தொழிலாளரும் உணராமலில்லை. கையைவிட மனம் முதலில் களைத்தது. 1913இல் சுமார் 14,000 பேரைப் பணியில் வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. ஐந்து டொலர் என்பது வெளியேறுவோரைத் தடுத்து நிறுத்துவதற்கான விலையே எனலாம்.

அங்கு வேலை தேடி வந்தோரில் அன்றைய உஸ்மானிய ஆட்சியிலிருந்த சிரியாப் பகுதி முஸ்லிம்களும் இருந்தனர். அமெரிக்காவின் ஆரம்பகாலப் பள்ளிவாசல்களில் ஒன்று 1921இல் அத்தொழிற்சாலையை அண்டியே எழுந்தது.

காலம் மாறியும் புதியவரைக் காக்கவைக்கும் வழக்கம் மாறவில்லை. 2007இல் டெட்ராய்ட் நிறுவனங்களும் தொழிற்சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மூத்தவர் மணிக்கு 28 டொலர் பெற, அதே வரிசையில் அருகே நின்ற புதியவர் சுமார் 14 டொலர் பெற்றார். நெருக்கடி வேளையில் சங்கம் இதற்கு இணங்கியது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆயினும் இன்னமும் சேராத, ஆதலால் வாக்கில்லாத ஒருவரின் கூலியை விட்டுக்கொடுப்பது எளிது. 2023 செப்டெம்பரில் தொடங்கி ஆறு வாரங்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின் பின்னரே, உச்சச் சம்பளத்தை எட்டும் காலம் எட்டு ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைந்தது.

இது எமக்குத் தொலைதூரச் செய்தியன்று. 2004 முதல் எமது இளைஞர்கள் மொழிப் பரீட்சை எழுதி, வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகத் தென்கொரியா செல்கின்றனர். அவர்களை ஏற்பவை புகழ்பெற்ற கார் நிறுவனங்கள் அல்ல. உதிரிப்பாகம் முதலியவற்றைச் செய்யும் சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளே. ஊரில் பேசப்படும் மாதச் சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிக நேர வேலைக்குரியது எவ்வளவு, தங்குமிடத்துக்குக் கழிக்கப்படுவது எவ்வளவு என்பதைக் கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தில் பார்த்தறிய வேண்டும். ஏனெனில், ஹைலண்ட் பார்க்கில் வேலை ஒவ்வாதவர் மறுநாள் வராமலே இருந்துவிட்டார். கொரியாவிலோ முதல் மூன்று ஆண்டுகளில் பொதுவாக மூன்று தடவைகளே வேலையிடத்தை மாற்றலாம். அதற்கும் சட்டம் ஏற்கும் காரணம் இருக்க வேண்டும்.