ஆகாய ஆதிக்கம்

தற்கால யுத்தத்தில் வானம் எவர் வசமோ, நிலமும் கடலும் பெரும்பாலும் அவர் வசமாகின்றன. விமானம் மிகுந்தோர்க்கே வானம் வசமாகும் என்று நாம் எண்ணுவது இயல்பு. 1940-ஆம் ஆண்டில் பிரிட்டன் மீது நிகழ்ந்த வான்போர் அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது.

விமானத் தொகையில் ஜெர்மனியே மேலோங்கியிருந்தது. ஆயினும், பிரிட்டிஷ் கரையோரத்து ராடார் நிலையங்கள் பகைவரின் வரவை முன்னரே உணர்த்தின. தளபதி டௌடிங் வகுத்த ஏற்பாட்டின்படி விமானங்கள் வேண்டிய இடத்திற்கு உரிய வேளையில் ஏவப்பட்டன. ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானமோ, பெட்ரோல் போதாமையால், லண்டன் மீது சுமார் பத்து நிமிஷமே நின்று பொர இயலும். விமானம் வீழினும், உயிர் தப்பிய பிரிட்டிஷ் விமானி மீண்டும் பறப்பான், ஜெர்மானியனோ சிறைப்படுவான்.

செப்டம்பர் 7-இல் ஜெர்மானியர் விமானத் தளங்களை விட்டு லண்டனைத் தாக்கலாயினர். தளங்கள் இளைப்பாறின, அதற்கு விலை கொடுத்தோர் நகர மாந்தரே. 17-இல் ஹிட்லர் தன் படையெடுப்பை ஒத்திவைத்தான்.

2022-இல் உக்ரேன்மீது படையெடுத்த ரஷ்யாவும், விமானங்கள் மிகுந்திருந்தும், இடம் பெயர்ந்தவாறே எய்யப்பட்ட விமான எதிர்ப்பு ஏவுகணைகளால் வானத்தை வசப்படுத்த இயலாது நின்றது.

வான்வெற்றியின் வேர் நிலத்திலேயே ஊன்றியிருக்கின்றதென இவற்றால் நாம் அறிகின்றோம்.