நிலவு வரையும் வானவில்

நிலா வெளிச்சத்திலும் வானவில் தோன்றும். பகலில் சூரிய ஒளி நீர்த்துளிக்குள் புகுந்து, வளைந்து, உள்ளே எதிரொளித்து, நிறம் நிறமாகப் பிரிந்து வெளியேறுகிறது. இரவில் நிலவொளிக்கும் அதே பாதைதான். ஆனால் முழுநிலவின் வெளிச்சம் சூரியனுடையதைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு குறைவு. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் இரண்டே இரண்டு நிலா வானவில்களைத்தான் அறிந்ததாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார்.

மழையை நம்பிக் காத்திருந்தால் யாருக்கும் அந்தக் கணக்குதான். அருவியை நம்பினால் வாய்ப்பு பல மடங்கு கூடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 739 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று கட்டங்களாக விழுகிறது யோசெமிட்டி அருவி. ஏப்ரல் முதல் ஜூன் வரை மலைப்பனி உருகி அருவி பெருக்கெடுக்கும்; அடிவாரமெங்கும் சாரல் பறக்கும். இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் இங்கே நிலா வானவில்லைப் பார்த்து வியந்து எழுதினார். பின்னாளில் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் டொனால்ட் ஓல்சனும் அவருடைய மாணவர்களும், அது எந்த இரவில் எத்தனை மணிக்குத் தெரியும் என்று முன்கூட்டியே கணித்துக் காட்டினார்கள். அதிர்ஷ்டத்தால் மட்டுமே வாய்க்கும் என்றிருந்த ஒரு காட்சியை நாள்காட்டியில் குறித்துவைக்கும்படி செய்தது அருமையான பணி.

கணக்கின் அடிப்படை எளிது. நிலா முதுகுக்குப் பின்னால், சாரல் முகத்துக்கு முன்னால். நிலவின் நேரெதிர்ப் புள்ளியைச் சுற்றி 42 டிகிரி தள்ளி வில் அமையும். சமதரையில் நிற்பவருக்கு, நிலா 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் வில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். நிலா மிகவும் தாழ்ந்திருந்தாலோ யோசெமிட்டியின் செங்குத்துப் பாறைகள் அதை மறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம்தான் வானவில் வேட்டைக்கு உகந்தது. முழுநிலவும் அதையொட்டிய ஓரிரு இரவுகளும் ஏற்றவை. அரைநிலவின் வெளிச்சம் முழுநிலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இத்தனையும் கூடிவந்தாலும் பெரும்பாலானோர் கண்ணுக்குத் தெரிவது ஒரு வெண்ணிற வளைவுதான். நிறங்களைப் பிரித்தறியும் கூம்பு செல்களுக்கு அந்த மங்கல் ஒளி போதாது. இருளில் விழித்திருக்கும் குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. கேமராவோ பல விநாடிகளின் ஒளியைச் சேர்த்துவைக்கும். சிவப்பு முதல் ஊதா வரை படத்தில் வந்துவிடும். அதே படத்தில் வானம் பகல்போல நீலமாகவும், அதில் நட்சத்திரங்களும் இருக்கும். கணினியில் தீட்டிய நிறங்கள் என்று சந்தேகப்படுவோர் உண்டு. உண்மையில் நம் கண் தவறவிட்ட நிறங்கள் அவை.

படமெடுக்க முக்காலி கட்டாயம். அகலக் கோண லென்ஸ், எஃப் 2.8 போன்ற பெரிய திறப்பு, ஐஎஸ்ஓ 800 முதல் 1600 வரை, ஷட்டர் 15 முதல் 30 விநாடி என்று தொடங்கலாம். அதற்கு மேல் நீட்டினால் நட்சத்திரங்கள் கோடுகளாக இழுபடும். இருளில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். தொலைவிலுள்ள விளக்கையோ நிலவையோ பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்வதே நல்லது. சாரலில் லென்ஸ் நனைந்துகொண்டே இருக்கும், துடைக்கத் துணி வேண்டும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள கம்பர்லேண்ட் அருவியிலும், ஜாம்பியா–ஜிம்பாப்வே எல்லையிலுள்ள விக்டோரியா அருவியிலும் முழுநிலவு இரவுகளில் நிலா வானவில்லைக் காணவே கூட்டம் வருகிறது. போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபிளாஷும் டார்ச்சும் வேண்டாம். அந்த வெளிச்சம் சாரலில் பட்டு உங்கள் படத்தையும் கெடுக்கும். இருளுக்குக் கண்ணைப் பழக்கி நிற்கும் பக்கத்திலிருப்பவரின் பார்வையையும் பறிக்கும்.