வீட்டுச் சேகரிப்பிலிருந்து தொலைக்காட்சி அலைவரிசை

ஒளிபரப்பின் அடிப்படை இயல்பு நிகழ்ச்சிகளின் இடையறாத ஓட்டமே என ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியிட்ட தொலைக்காட்சி பற்றிய நூலில் நிறுவ முயன்றார். இணையவழித் திரைச்சேவைகள் அவ்வோட்டத்தைத் துண்டித்துத் தேர்வுரிமையைப் பார்வையாளரிடம் ஒப்படைத்தன; ஒவ்வொரு மாலையும் தேடித் தெரிவுசெய்யும் சுமையும் உடன்வந்தது. தனிச்சேகரிப்பை நேரலை அலைவரிசைபோல் ஓடச்செய்யும் மென்பொருள்கள் இச்சுமையைக் குறைக்கின்றன.

திருவெறும்பூரில் ஓய்வுபெற்ற ஆலைப் பணியாளர் ஒருவர், திருச்சியில் வளர்ந்த தியாகராஜ பாகவதரின் ‘அசோக்குமார்’ (1941), ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) முதலிய படங்களை வன்தட்டில் சேர்த்துள்ளார் எனக் கொள்க. ஜெல்லிஃபின் போன்ற சேவையக மென்பொருள் அவற்றைப் பட்டியலிடும். எர்சாட்ஸ்டிவி அவற்றைக் கால அட்டவணையில் அடுக்கும். மாலை 6 மணிக்குத் தொடங்கும் படம் 125 நிமிடம் ஓடுமெனில் 8.05க்கு முடியும். அடுத்த படம் 8.30க்கு என வகுத்தால் இடைப்பட்ட 25 நிமிடத்தைப் பாடல் துணுக்குகள் நிரப்பும். 7.10க்குத் தொலைக்காட்சியை இயக்குபவர் 70ஆம் நிமிடத்திலிருந்து படத்தைக் காண்பார். உண்மையில் அதுவரை எதுவும் ஓடியிருக்காது. ஒருவர் அலைவரிசையைத் திறக்கும்போதுதான் மென்பொருள் கடிகாரத்தைக்கொண்டு உரிய இடத்தைக் கணக்கிட்டு, எஃப்எஃப்எம்பெக் வழியாகக் கோப்பை உருமாற்றி அனுப்பத் தொடங்குகிறது. அலைவரிசைப் பட்டியல் எம்3யு வடிவிலும் நிகழ்ச்சி நிரல் எக்ஸ்எம்எல்டிவி வடிவிலும் செல்வதால், தொலைக்காட்சிச் செயலி இதனைப் பிற அலைவரிசைகளிலிருந்து வேறுபடுத்தி அறிவதில்லை.

இடர்ப்பாடு பெரும்பாலும் பட்டியலாக்கத்திலேயே எழுகிறது. ஒரே பெயரில் வெவ்வேறு காலத்துப் படங்கள் தமிழில் பல. கோப்பின் பெயரில் ஆண்டைக் குறிக்காவிடில் சேவையகம் வேறொரு படத்தின் விவரத்தை இணைத்துவிடக்கூடும். நிகழ்ச்சி நிரலும் அப்பிழையையே காட்டும். இவ்வகையில் இது நூலகருக்குரிய பணியே எனலாம்.

1990களில் தமிழகக் கேபிள்காரர்கள் வீசிஆரில் நாடாவை ஓட்டித் தெரு முழுவதற்கும் ஒரே படத்தைக் காட்டியது இதன் முன்வடிவம் எனத்தகும். கம்பிவடத் தொலைக்காட்சிக்கான ஒழுங்காற்றுச் சட்டம் 1995இல்தான் வந்தது. இன்றைய வீட்டு அலைவரிசைக்கும் சட்ட எல்லை உண்டு. பதிப்புரிமைச் சட்டம் (1957) திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுக் காப்பு வழங்குகிறது. மேற்சுட்டிய மூன்று படங்களுக்கும் அக்காலம் கடந்துவிட்டது. காப்புக்காலம் முடியாத படங்களின் நிலை வேறு. அவற்றைக் கம்பிவடம்வழி ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அனுப்புவதைப் பொதுமக்களுக்குக் காட்டுவதாகவே அச்சட்டம் கருதுகிறது. அடுத்த வீட்டுக்கு ஓர் இணைப்பு நீட்டினாலே உரிமையாளரின் இசைவு தேவைப்படும்.